வில் ஸ்மித் வந்திருந்தாலும்

வேற்றுக்கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் 1996 ஹாலிவுட் படம் ‘இன்டிபென்டன்ஸ் டே’. அதன் இரண்டாம் பாகமாக 2016இல் வந்த ‘இன்டிபென்டன்ஸ் டே: ரிசர்ஜென்ஸ்’ பேச்சை எடுத்தால் போதும், சிங்கப்பூர்த் தமிழ் ரசிகர்களிடமிருந்து வரும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் இதுதான்: “வில் ஸ்மித் இல்லாம அந்தப் படத்த எடுத்திருக்கவே கூடாதுண்ணே.” கோப்பிக்கடை மேசையில் இதைச் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இருக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார். 1996இல் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள், திரையின் அடியில் ஓடும் சீன எழுத்துகளுக்கு மேலே வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறியதைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள், அடுத்த பாகத்துக்காக 20 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அவர்களுடைய ஏமாற்றம் ஒரு நடிகர் வராததால் மட்டும் வந்தது என்று சொல்வது அந்தக் காத்திருப்பைச் சிறுமைப்படுத்துவதாகவே எனக்குப் படுகிறது. தீர்ப்பு எளிதாக இருக்கிறது. ஆனால் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தி வரவில்லை.

அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. முதல் படத்தில் வில் ஸ்மித் நடித்த போர் விமானி ஸ்டீவன் ஹில்லர் 2007இல் ஒரு சோதனைப் பறத்தலில் இறந்துவிட்டதாகக் கதையை மாற்றினார்கள். படத்துக்குள் அவர் ஓவியமாகத்தான் வருகிறார். வில் ஸ்மித் விலகியபோதே படத்தை நிறுத்தியிருக்க வேண்டும், முதலில் இருந்த திரைக்கதை இதைவிட மேலானது என்று இயக்குநர் ரோலண்ட் எமரிக்கே பிறகு ஒரு பேட்டியில் வருந்தியிருக்கிறார். கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. 1996 படம் சுமார் 75 மில்லியன் அமெரிக்க வெள்ளியில் உருவாகி உலகெங்கும் 817 மில்லியன் வசூலித்தது. 2016 படத்துக்கு 165 மில்லியன் செலவு, 389 மில்லியன் வசூல். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் முதல் படம் 50 மில்லியனும் இரண்டாம் படம் 41 மில்லியனும் ஈட்டின. 20 ஆண்டுகளில் நுழைவுச்சீட்டு விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரங்கிற்குள் போன தலைகளின் எண்ணிக்கை எவ்வளவு சரிந்திருக்கும் என்பது புரியும். படம் முடிந்து வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் முதல் படம் ‘ஏ’, இரண்டாவது ‘பி’.

இவ்வளவும் சரியே. இருந்தாலும் 2024 ஜூலை 12 அன்று இந்தத் தீர்ப்பு என் மனத்தில் ஆட்டம் கண்டது. அன்றுதான் ‘இந்தியன் 2’ வெளியானது. முதல் ‘இந்தியன்’ வந்ததும் அதே 1996இல்தான், மே மாதம். அமெரிக்க ரசிகர்கள் 20 ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்றால் நாம் 28 ஆண்டுகள் காத்திருந்தோம். இங்கே எவரும் விலகிப் போகவில்லை. கமல் இருந்தார், ஷங்கர் இருந்தார், சேனாபதியின் வெள்ளை முடியும் வர்மக்கலையும் இருந்தன. படப்பிடிப்பு தளத்தில் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்த பெருந்துயரத்தையும், தொற்றுக்காலத்தையும், நடுவே காலமான விவேக், நெடுமுடி வேணு ஆகியோரின் இழப்பையும் தாங்கிக்கொண்டுதான் படம் வந்தது. அப்படியும் ரசிகர்கள் முகம் வாடித்தான் வெளியே வந்தார்கள். வெளியான சில நாளிலேயே 12 நிமிடங்களை வெட்டினார்கள். நாயகன் இருந்தும், இயக்குநர் இருந்தும் அதே ஏமாற்றம், ஏறக்குறைய அதே சொற்களில். அப்படியானால் வில் ஸ்மித் வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

அதனால் இரண்டு அமெரிக்கப் படங்களையும் காட்சி காட்சியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரசிகர்கள் ‘ஏதோ குறையுது’ என்று சொல்லும்போது அவர்களுக்கு எது குறைந்தது என்பது அங்கேதான் தெரிகிறது.

முக்கால் மணி நேரம்

முதல் படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் முதல் குண்டைப் போட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகிறது. படத்தின் மொத்த நீளம் 145 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு நேரம் எதுவும் அழிவதில்லை. ஜூலை 2, 3, 4 என்று மூன்று நாளாகப் பிரித்த கதையில் முதல் நாள் முழுவதும் மனிதர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதில்தான் போகிறது. இதைத் தாளில் எழுதிப் பார்த்தால் சலிப்பூட்டும் படம் போலத் தோன்றும். திரையில் அந்த நேரம்தான் ரசிகனைப் பிடித்து வைத்தது.

எப்படிப் பிடித்து வைக்கிறது என்று பாருங்கள். நிலவில் விண்வெளி வீரர்கள் விட்டுவந்த பலகை, அதன் மேல் மெல்லப் படரும் நிழல். அடுத்து வேற்றுலகச் சமிக்ஞையைப் பிடிக்கும் ஆய்வு மையம். அடுத்து வாஷிங்டன். ஒவ்வோர் இடத்திலும் ஒரே செய்தி, ஆனால் அதைக் கேட்பவர் வேறு வேறு ஆள். தொழில்நுட்பரான டேவிட் லெவின்சன் செயற்கைக்கோள் சமிக்ஞைக்குள் ஒளிந்திருப்பது ஓர் இறங்குமுகக் கணக்கு என்று கண்டுபிடித்ததும் ரசிகனின் கையில் ஒரு கடிகாரம் வந்துவிடுகிறது. அதன்பிறகு வரும் எந்தச் சாதாரணக் காட்சியும் சாதாரணமாக இருப்பதில்லை. டேவிட்டும் அவர் அப்பா ஜூலியசும் பழைய காரில் வாதாடிக்கொண்டே வாஷிங்டனுக்குப் போகிறார்கள். எதிர்த்திசையில் ஊரே காலியாகி வெளியேறிக்கொண்டிருக்கிறது. அப்பா பேச்சு சிரிப்பு வரவழைக்கிறது, ஆனால் கடிகாரம் நிற்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஹில்லர் செய்தித்தாளை எடுக்க வாசலுக்கு வரும் காட்சி. காலையில் வீடு லேசாக அதிர்கிறது, நில அதிர்ச்சி என்று நினைத்து அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வருகிறார், தாளை எடுக்கிறார், பிரித்துப் படிக்கத் தொடங்குகிறார். பக்கத்து வீட்டார் மூட்டை முடிச்சுகளைக் காரில் ஏற்றுவது கண்ணில் படுகிறது. அப்போதும் அவருக்குப் புரியவில்லை. அவர்கள் பார்வை போகும் திசையில் தன் பார்வையைத் திருப்புகிறார், மெதுவாக நிமிர்கிறார். நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும். தெரிந்தும் அவர் தலை நிமிரும்வரை காத்திருக்கிறோம். படம் அவருக்கும் நமக்கும் அந்தச் சில வினாடிகளைக் கொடுக்கிறது. வில் ஸ்மித் நட்சத்திரமானது இங்கேதான் என்பேன். திறமை அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமை வேலை செய்ய நேரத்தை ஒதுக்கியது திரைக்கதை.

இரண்டாம் படத்தின் நீளம் 120 நிமிடம். முதல் படத்தைவிட 25 நிமிடம் குறைவு, பாத்திரங்களோ அதிகம். பழைய ஆட்களில் டேவிட், அவர் அப்பா, முன்னாள் அதிபர் விட்மோர், வேற்றுக்கிரகவாசிகளை ஆராயும் டாக்டர் ஓக்கன், ஹில்லரின் மனைவி ஜாஸ்மின். புதியவர்களில் விமானி ஜேக், வளர்ந்துவிட்ட பிள்ளைகளான ஜாஸ்மினின் மகன் டிலன், விட்மோரின் மகள் பட்ரீஷியா, சீன விமானி ரெய்ன் லாவ், ஆப்பிரிக்கப் போர்த்தலைவர் உம்புட்டு, பிரெஞ்சு மருத்துவர், பெண் அதிபர், தளபதி. இவர்களோடு நிலவுத் தளம், இன்னொரு வேற்றுக்கிரக இனத்தின் வெள்ளை உருண்டை, தாக்க வந்தவர்களின் ராணி. திரைக்கதைக்கு ஐந்து பேர் பெயர் போட்டிருக்கிறார்கள். வில் ஸ்மித்துக்கென்று ஒதுக்கியிருந்த உணர்ச்சிச் சுமையைப் பலர் தலையில் பகிர்ந்து வைத்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடம்தான். யாராவது ஒருவர் செய்தித்தாளை எடுக்க வாசலுக்கு வர அங்கே நேரம் எங்கே? கப்பல் வருகிறது, வந்த வேகத்திலேயே நகரங்கள் மேலெழுகின்றன, விழுகின்றன. 20 ஆண்டுகள் காத்திருந்த ரசிகனுக்குப் படத்துக்குள் காத்திருக்கச் சில நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

24 கிலோமீட்டர், 4,800 கிலோமீட்டர்

அளவைப் பற்றியும் பேச வேண்டும். முதல் படத்தில் நகரங்களின் மேல் வந்து நிற்கும் ஒவ்வொரு கப்பலும் 15 மைல் அகலம், அதாவது 24 கிலோமீட்டர். இந்த எண்ணை நம் ஊரில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்த எண் என்று விளங்கும். அப்படியொரு கப்பலின் நடுப்புள்ளி தோ பாயோவுக்கு மேல் நின்றால் அதன் நிழல் வடக்கே உட்லண்ட்ஸ் வரை போகும், தெற்கே செந்தோசாவைத் தாண்டும். மேற்கே ஜூரோங் ஈஸ்ட், கிழக்கே தெம்பனிஸ். துவாஸ், சாங்கி போன்ற ஓரங்களில் மட்டும் வெயில் அடிக்கும். புளோக்கின் கீழே நின்று பார்த்தால் வானமே இருக்காது, ஆனால் தூரத்தில் அடிவானத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். கப்பலுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது என்பதைக் கண் நம்பும். ஓடினால் தப்பிக்கலாம் என்று மனம் கணக்குப் போடும். தீவு விரைவுச்சாலையா, வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டரா என்ற கேள்வி வரும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அடுக்கி வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கைப் போடாமல் இருக்க மாட்டார்கள். அந்தக் கணக்குதான் பயம்.

இரண்டாம் படத்தின் தாய்க்கப்பல் 3,000 மைல், ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். இதையும் நம் வரைபடத்தில் வைப்போம். ஒரு விளிம்பு சிங்கப்பூரில் இருந்தால் வங்கக் கடல் முழுவதையும், சென்னையையும், தக்காணத்தையும், மும்பையையும் மூடிவிட்டு மறு விளிம்பு அரபிக்கடலுக்குள் போய்விடும். இதில் எங்கே ஓடுவது? எந்த ஷெல்டருக்குள் ஒளிவது? தப்பிக்க வழியே இல்லாத இடத்தில் பதற்றம் பிறப்பதில்லை. முதல் படத்தைவிடப் பெரிது, பெரிது என்று விளம்பரம் செய்தார்கள், கப்பல் பெரிதாகப் பெரிதாக ரசிகனின் பயம் சுருங்கிப்போனது. ‘கப்பல் ரொம்பப் பெருசாப் போச்சு, ஒண்ணுமே தெரியல’ என்று சிலர் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அது கேலியே இல்லை, சரியான விமர்சனம்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தை ஈர்ப்புவிசையால் பிடுங்கி லண்டன் மேல் போடும் காட்சி இதற்கு நல்ல உதாரணம். பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் நாம் போய்ச் சேரும் ஊர். அண்ணன் தம்பி, அத்தை மாமா என்று உறவுகள் இருக்கும் ஊர். நம் வயிற்றைப் பிசைந்திருக்க வேண்டிய காட்சி அது. ஆனால் அந்த ஊரில் ஒரு மனித முகத்தைக்கூட நாம் பார்க்கவில்லை. கோபுரம் வானத்திலிருந்து விழும்போதுதான் அதைப் பார்க்கிறோம். அதே நேரத்தில் டேவிட், இவர்களுக்கு அடையாளச் சின்னங்களை இடிப்பதுதான் பிடிக்கும் என்ற பொருளில் ஒரு நகைச்சுவை வசனம் பேசுகிறார். முதல் படத்திலும் நகைச்சுவை நிறைய உண்டு, ஆனால் அழிவு நடக்கும் நேரத்தில் எவரும் அதைப் பார்த்து ஜோக் அடிக்கவில்லை. பெரியதொரு சாவின் நடுவே படமே சிரித்துவிட்டால் ரசிகன் எதற்காகக் கலங்க வேண்டும்?

நெருப்பு மேல்நோக்கித்தான் எரியும்

கணினி வரைகலை வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பது ரசிகர்களின் இன்னொரு குற்றச்சாட்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எது என்று பார்ப்பது முக்கியம்.

முதல் படத்தில் தெரு முழுவதையும் அடைத்துக்கொண்டு நெருப்புச் சுவர் ஒன்று கார்களை உருட்டியபடி வரும். நெருப்பு கிடைமட்டமாக ஓடாது, மேல்நோக்கித்தான் எரியும். அதனால் தெருவின் மினியேச்சர் மாதிரியைச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்தினார்கள். கேமரா மேல் முனையில், கீழ்நோக்கிப் பார்த்தபடி. வெடி கீழ் முனையில். பற்றவைத்ததும் நெருப்பு தன் இயல்புப்படி மேலே ஏறுகிறது, இருபுறமும் கட்டடச் சுவர்கள் இருப்பதால் சிதறாமல் தெருவை நிரப்பிக்கொண்டு கேமராவை நோக்கி வருகிறது. படத்தை நேராகத் திருப்பிப் பார்த்தால் தெருவில் உருண்டு வரும் தீ.

வெள்ளை மாளிகை 1/12 அளவு மாதிரி, நிற்கும் ஆளின் உயரம்தான் வரும். இங்கே பெரிய சிக்கல் வேகம். மாதிரியைச் சின்னதாகச் செய்யலாம், நெருப்பையும் புவியீர்ப்பையும் சின்னதாகச் செய்ய முடியாது. வழக்கமான வேகத்தில், அதாவது வினாடிக்கு 24 படச்சட்டம் என்று எடுத்தால் இடிபாடுகள் சடாரென்று கீழே விழுந்து, இது பொம்மை வீடு என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அளவின் வர்க்கமூலத்தால் வேகத்தைப் பெருக்குவார்கள். 12க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 3.46, 24ஐ அதனால் பெருக்கினால் வினாடிக்கு 83 படச்சட்டம். இது குறைந்தபட்சக் கணக்கு. நெருப்பு கனமாக உருள வேண்டுமென்றால் அதைவிட வேகமாக ஓட்ட வேண்டும். மாதிரி ஒன்றுதான், வெடிப்பதும் ஒரே முறைதான். ஒரு கேமரா தவறினாலும் அந்தக் கோணம் போனது போனதுதான், அதனால் பல கேமராக்களைப் பல வேகங்களில் ஓட்டினார்கள். 1996 ஜனவரியில் அமெரிக்கக் காற்பந்தின் சூப்பர் பவுல் போட்டியின் நடுவே வந்த விளம்பரத்தில் இந்த ஒரு வெடிப்பைக் காட்டியதே உலகம் முழுவதும் படத்தைப் பேச வைத்தது. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரும் கிடைத்தது.

அந்த ஆஸ்கரைப் பெற்ற குழுவில் ஒருவர் வோல்கர் எங்கல். இரண்டாம் படத்தின் காட்சி விளைவுகளுக்குப் பொறுப்பேற்றவர்களில் ஒருவரும் அவர்தான். ஆகவே கைத்திறன் குறைந்துவிட்டது என்று சொல்ல இடமில்லை. மாறியது வேறொன்று. மாதிரியை உடைக்கும் முறையில் ஒவ்வொரு அழிவுக்கும் வாரக்கணக்கில் தயாரிப்பு வேண்டும், அதனால் எதை உடைப்பது என்று பொறுக்கி எடுத்தாக வேண்டும். எம்பயர் ஸ்டேட் கட்டடம், வெள்ளை மாளிகை, லாஸ் ஏஞ்சலிஸ் கோபுரம் என்று சிலவற்றைத்தான் எடுத்தார்கள், அவற்றுக்கு முன்னால் நேரத்தைச் செலவழித்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் கோபுரத்தின் உச்சியில் வரவேற்பு அட்டைகளோடு ஆடிப்பாடும் கூட்டத்தில் ஜாஸ்மினின் தோழி நிற்கிறாள். அவளைப் போகாதே என்று ஜாஸ்மின் முன்பே தடுத்துப் பார்த்திருக்கிறாள். ஆகவே அந்தக் கட்டடம் வெடிக்கும்போது நமக்குத் தெரிந்த ஒரு பெண் சாகிறாள். கணினியில் எத்தனை நகரத்தையும் தூக்கலாம் என்றானபோது பொறுக்கி எடுக்கும் கட்டாயம் போய்விட்டது. கட்டாயம் போனதும் தோழியும் போய்விட்டாள்.

இரண்டு தாய்கள்

ரசிகர்கள் வெளிப்படையாகக் கோபப்பட்ட இடம் ஜாஸ்மினின் சாவு. இந்த ஒன்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தகும்.

முதல் படத்தில் அதிபரின் மனைவி மரிலின் வந்த ஹெலிகாப்டர் விழுந்துவிடுகிறது. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு பிழைத்தவர்களைத் திரட்டும் ஜாஸ்மின்தான் அவரைக் கண்டெடுக்கிறாள். இரவில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி நாட்டின் முதல் பெண்மணி, இன்னொருத்தி இரவு விடுதியில் ஆடிப் பிழைப்பவள். தான் எதிர் வேட்பாளருக்குத்தான் ஓட்டுப் போட்டதாக ஜாஸ்மின் சொல்கிறாள். சாகப்போகும் பெண்ணோடு இப்படியொரு சாதாரணப் பேச்சு. பிறகு ராணுவத்தின் ரகசியத் தளமான ஏரியா 51, மருத்துவர் கைவிரிக்கிறார், கணவர் படுக்கையருகே உட்கார்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லித் தேற்றிக்கொள்கிறார்கள். வெளியே வந்ததும் சின்ன மகள், அம்மா தூங்குகிறாளா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறார் அப்பா. உலகமே அழிந்துகொண்டிருக்கும் படத்தில் ஒரே ஒரு சாவுக்கு இத்தனை காட்சிகள். அதனால்தான் மறுநாள் விடியற்காலையில் ஒலிபெருக்கியைப் பிடித்து அவர் ஆற்றும் உரை நெஞ்சில் தைக்கிறது. மனைவியைப் பறிகொடுத்த மனிதன் பேசுகிறான் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டாம் படத்தில் ஜாஸ்மின் மருத்துவமனையில் பொறுப்பில் இருக்கிறாள். ஆடிப் பிழைத்தவள் அங்கே வந்து சேர்ந்த 20 ஆண்டுக் கதையே ஒரு படத்துக்குப் போதும். தாக்குதல் வரும்போது மற்றவர்களைக் காப்பாற்றப் பார்க்கிறாள், கட்டடம் சரிகிறது, அதோடு அவளும் விழுகிறாள். விமானத்தில் இருக்கும் மகன் டிலன் கண்ணெதிரே பார்க்கிறான். படம் ஓரிரு வாக்கியங்களில் அதைக் கடந்து அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது. இதில் கையில் கிடைத்த புதையலைத் தூக்கி எறிந்ததுதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. அம்மா தூங்குகிறாளா என்று கேட்ட அந்தச் சின்னப் பெண்தான் பட்ரீஷியா. அவள் தாயின் கடைசி இரவில் துணையிருந்தவள் ஜாஸ்மின். இப்போது ஜாஸ்மினின் மகன் தாயை இழந்து நிற்கிறான், பட்ரீஷியா அதே தளத்தில் இருக்கிறாள். இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசவிட்டிருந்தால் 20 ஆண்டு இடைவெளிக்கே அர்த்தம் வந்திருக்கும். வில் ஸ்மித் தேவையில்லை, கூடுதலாக ஒரு வெள்ளி செலவில்லை. இதைச் செய்யாமல் விட்டதற்குத் தயாரிப்பு நிறுவனத்தையோ நடிகரையோ குற்றம் சொல்ல முடியாது, எழுதியவர்கள்தான் பொறுப்பு.

முதல் ‘இந்தியன்’ படத்தில் தீக்காயத்தோடு துடிக்கும் மகள் கஸ்தூரிக்காக அலைந்தும் லஞ்சம் கொடுக்க மறுக்கும் சேனாபதியை நினைத்துப் பாருங்கள். மகள் சாகும்வரை படம் நம்மை அங்கேயே நிறுத்தி வைக்கிறது, கண்ணைத் திருப்ப விடுவதில்லை. கடைசியில் மகன் சந்துருவையே குத்தும்போது அதை நாம் ஏற்றுக்கொள்வது அந்த மகளால்தான். இரண்டாம் பாகத்தில் வர்மத்தால் சாகும் கெட்டவர்களின் எண்ணிக்கை கூடியது, நாம் உட்கார்ந்து அழ ஒரு கஸ்தூரி இல்லை. இரு நாட்டு ரசிகர்களும் ஒரே இடத்தில்தான் பறிகொடுத்தார்கள்.

மற்றக் குறைகள் இதற்கு அடுத்தபடிதான். பட்ரீஷியாவாகக் குழந்தையில் நடித்த மே விட்மனை விட்டுவிட்டு மைக்கா மன்றோவை எடுத்தது நியாயமில்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள், அந்தக் கோபம் எனக்குச் சரியாகவே படுகிறது. இசையிலும் அதே கதை: முதல் படத்துக்கு டேவிட் ஆர்னால்ட், இரண்டாவதற்கு வேறு இருவர். ரகுமான் போய் அனிருத் வந்தபோது நம் ஆட்கள் புலம்பியதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரெய்ன் லாவாக நடித்த ஏஞ்சலாபேபியைச் சீனச் சந்தைக்காகச் சேர்த்தார்கள் என்று இங்கேயும் முணுமுணுப்பு இருந்தது. சேர்த்ததில் தவறில்லை, சேர்த்துவிட்டு அவருக்குப் பேச வசனம் கொடுக்காததுதான் தவறு. மடிக்கணினியால் வேற்றுக்கிரகக் கப்பலுக்குள் வைரஸ் விட்டது எப்படி என்ற பழைய சண்டை இன்னும் தீரவில்லை என்றால், முதல் படத்தின் 153 நிமிடப் பதிப்பைத் தேடிப் பாருங்கள். ஏரியா 51இல் இருக்கும் பழைய கலத்துக்குள் டேவிட் அந்தச் சமிக்ஞையை அடையாளம் காணும் காட்சியை அதில் சேர்த்திருக்கிறார்கள். முழுத் திருப்தி தராது, ஆனால் வானத்திலிருந்து குதித்த யோசனை இல்லை என்பதாவது தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவில் இரண்டாம் படத்தில் ரசிகர்கள் மனமாரக் கொண்டாடிய ஓர் ஆள் உண்டு, டாக்டர் ஓக்கன். முதல் படத்தில் அவர் இறந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். 20 ஆண்டுகள் நினைவிழந்து கிடந்து எழுந்து வருகிறார். அந்த 20 ஆண்டும் அவர் படுக்கையருகே இருந்து பார்த்துக்கொண்டவர் டாக்டர் ஐசக்ஸ், அவருடைய துணைவர். செடிகளைக் கொண்டுவந்து வைப்பதும், எழமாட்டாரா என்று பார்ப்பதுமாகவே அவர் காலம் போயிருக்கிறது. கடைசியில் ஐசக்ஸ் சாகும்போது ஓக்கன் குலுங்கி அழுகிறார், படம் அவருக்காகக் கொஞ்சம் நிற்கிறது. அத்தனை நட்சத்திரங்களையும் விட்டுவிட்டு ஒரு துணைப் பாத்திரத்தின் மேல் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று கேட்டால், படத்தில் அந்த 20 ஆண்டைக் கண்ணெதிரே சுமந்து நின்றவர்கள் இவர்கள் இருவர்தான். வெளியே நாம் காத்திருந்தது போல உள்ளே ஒருவர் காத்திருந்தார்.

மூன்றாம் பாகத்துக்கு வழிவிட்டுத்தான் படம் முடிகிறது: மனிதர்கள் நட்சத்திரம் தாண்டிப் போய் அவர்களை அவர்கள் இடத்திலேயே தாக்கப் போகிறார்கள் என்று ஓக்கன் உற்சாகமாக அறிவிக்கிறார். அந்தப் பாகம் இன்றுவரை வரவில்லை. படத்தை எடுத்த ஃபாக்ஸ் நிறுவனத்தை 2019இல் டிஸ்னி வாங்கியதிலிருந்து உரிமையும் அங்கே போய்விட்டது. என்றாவது ஒருநாள் எடுப்பார்கள் என்றால் அப்போதும் ‘வில் ஸ்மித் வருவாரா’ என்பதுதான் முதல் கேள்வியாக எழும். நான் கேட்பது வேறு. தயாரிப்புக் கூட்டத்தில் ராணி எத்தனை அடி, கப்பல் எத்தனை மைல் என்று பேசுவதற்கு முன்னால், முதல் முக்கால் மணி நேரத்தை எவரும் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். டிலனும் பட்ரீஷியாவும் பேசாமல் விட்ட அந்த ஐந்து நிமிடத்தை அதற்குள் வைக்கட்டும். ஓக்கன் தனியாக இருக்கும் வீட்டில் ஐசக்சின் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று காட்டட்டும். அதன்பிறகு எத்தனை நகரத்தை வேண்டுமானாலும் தூக்கிப் போடட்டும், முதல் காட்சிக்கே நாங்கள் வரிசையில் நிற்போம்.